புயலுக்கு முன் நம் வீடும் அயலார் வீடும்



ஐப்பசி பிறந்துவிட்டால் நம் கடலோர மக்களின் கவனமெல்லாம் வங்கக்கடலின் மேல்தான். எங்கே காற்றழுத்தத் தாழ்வு, எந்தப் பக்கம் நகர்கிறது, எந்தக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்பதே வீட்டிலும் கடைத்தெருவிலும் பேச்சாக இருக்கும். 2011 டிசம்பர் 30 அன்று கடலூர், புதுச்சேரிப் பகுதியைத் தாக்கிய தானே, 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைக் கடந்த வர்தா, 2017 நவம்பர் 30 அன்று குமரி மாவட்டத்தை உலுக்கிய ஒக்கி, 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா ஆகிய புயல்களின் பெயர்களை நாம் மறக்கவில்லை.

ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் ஒரு காட்சியைப் பார்க்கிறோம். ஒரே தெருவில் ஒரு வீட்டின் கூரை முழுவதும் காணாமல் போயிருக்கும். அடுத்த வீட்டில் நாலைந்து ஓடுகள் மட்டும் சரிந்திருக்கும். அடித்தது ஒரே காற்று. "அவர்கள் விதி அப்படி" என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். ஆனால் அந்த இரண்டு வீடுகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு பல வேளைகளில் விதியால் வருவதல்ல. சில முழம் கயிறும், ஒரு கை போல்ட்டும், கைமரத்தைச் சுவரோடு சேர்த்துக் கட்டிய ஓர் இரும்புப் பட்டையும் உண்டாக்கிய வேறுபாடு அது. இதை நாம் விளங்கிக்கொண்டால், அடுத்த புயலுக்கு முன் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது என்பது தெரியும்.

காற்று தள்ளுவதில்லை, தூக்குகிறது

புயல் காற்று வீட்டைத் தள்ளிச் சாய்க்கிறது என்றே பெரும்பாலோர் நினைக்கிறோம். சுவரைப் பொறுத்தவரை அது ஓரளவு உண்மை. கூரைக்கு நடப்பது வேறு. வேகமாக வரும் காற்று சுவரில் மோதி மேலே எழும்பிக் கூரையைத் தாண்டிச் செல்கிறது. அப்போது கூரையின் மேற்புறத்தில் அழுத்தம் குறைந்து, கூரை மேல்நோக்கி உறிஞ்சப்படுகிறது. கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் முகட்டிலும் இந்த உறிஞ்சல் மிக அதிகம். அதனால்தான் சேதம் எப்போதும் ஓரத்து ஓட்டிலோ மூலைத் தகரத்திலோ தொடங்குகிறது. ஓர் ஓடு எழும்பிய இடத்தில் காற்று நுழைந்துவிட்டால், மற்றவை வரிசையாகக் கிளம்பும்.

இன்னொன்றையும் அறிய வேண்டும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் விசை இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்காகும். மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் வீசும் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 14 கிலோ விசையைக் காட்டும். அதுவே 108 கி.மீ. ஆனால் 55 கிலோ. 180 கி.மீ. ஆனால் 150 கிலோவுக்கு மேல். சென்னையில் கட்டடம் வடிவமைக்கும்போது வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. காற்றை அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்று ஐ.எஸ். 875 என்னும் இந்தியத் தர விதி சொல்கிறது.

இதை நம் வீட்டுக் கணக்கில் பார்ப்போம். 200 சதுர அடியில் ஒரு தகரக் கூரை இருக்கிறது. அதன் மொத்த எடை சுமார் 100 கிலோ. மணிக்கு 108 கி.மீ. காற்று அந்தக் கூரையை மேலே இழுக்கும் விசை ஏறத்தாழ ஒரு டன் வரை போகலாம். அதே அளவு ஆஸ்பெஸ்டாஸ் கூரை 300 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கனமானது என்று நாம் நம்பும் மங்களூர் ஓட்டுக் கூரைகூட 700, 800 கிலோதான். ஆக, பாரம் மட்டும் கூரையைக் காப்பாற்றாது. அதைக் கீழே பிடித்து வைக்கும் கட்டுதான் காப்பாற்றும்.

கூரையிலிருந்து மண் வரை ஒரு சங்கிலி

அந்தக் கட்டு ஒரே இடத்தில் இருந்தால் போதாது. தகரம் ரீப்பரோடும், ரீப்பர் கைமரத்தோடும், கைமரம் சுவரின் மேல் கிடக்கும் கட்டையோடும், அந்தக் கட்டை சுவரோடும், சுவர் அஸ்திவாரத்தோடும் பிணைந்திருக்க வேண்டும். இதில் ஒரு கண்ணி விட்டாலும் மற்றவற்றின் பலன் போய்விடும். தகரத்தை நன்றாக முறுக்கி வைத்துவிட்டுக் கைமரத்தைச் சுவர்மேல் சும்மா உட்கார வைத்திருந்தால், கூரை முழுவதும் ஒரே துண்டாகப் பறந்துபோய்ப் பக்கத்து வயலில் விழும். இப்படி நடந்ததைக் கண்டவர்கள் நம்மிடையே பலர் உண்டு.

நம் வீடுகளில் பெரும்பாலும் விட்டுப்போகும் கண்ணி கைமரத்துக்கும் சுவருக்கும் இடையே உள்ளதுதான். ஆணி ஒன்றை அடித்துவிட்டுத் தச்சர் போய்விடுவார். ஆணி மேலிருந்து வரும் பாரத்துக்குப் போதும். கீழிருந்து தூக்கும் விசைக்கு அது உருவிக்கொண்டு வந்துவிடும். கைமரத்தைச் சுற்றி இரும்புப் பட்டையை வளைத்து, இருபுறமும் கட்டையோடு சேர்த்து முடுக்க வேண்டும். கட்டையையும் சுவருக்குள் இரண்டு மூன்று அடி ஆழம் இறங்கும் போல்ட்டால் பிடிக்க வேண்டும். மேல்வரிசைச் செங்கலில் மட்டும் பதித்த போல்ட் அந்தச் செங்கலையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகும். புதிதாக வீடு கட்டுகிறவர்கள், கதவு ஜன்னலுக்கு மேலும் சுவரின் உச்சியிலும் வீட்டைச் சுற்றி விடுபடாமல் ஓடும் கான்கிரீட் பட்டை ஒன்றைப் போட்டு, அதில் போல்ட்டைப் பதித்துவிடுவது மிக நல்லது.

கூரையின் வடிவமும் உதவும். இரண்டு பக்கம் மட்டும் சரியும் கூரையைவிட நான்கு பக்கமும் சரியும் கூரை காற்றை நன்றாகத் தாங்கும். மிகத் தட்டையான சரிவில் உறிஞ்சல் அதிகம். 22 முதல் 30 பாகை வரை சரிவு இருந்தால் நல்லது. வெயிலுக்கும் சாரலுக்கும் என்று கூரையைச் சுவருக்கு வெளியே நீளமாக இழுத்துவிடுவது நம் பழக்கம். அந்த நீட்டல் ஒன்றரை அடிக்கு மேல் போனால், காற்று அதன் அடியில் புகுந்து நெம்பும். திண்ணைக்கும் வாசலுக்கும் நிழல் வேண்டுமானால் அதைத் தனிக் கூரையாகப் போடுங்கள். புயலில் அது போனாலும் வீட்டுக் கூரை நிற்கும்.

எந்தக் கூரைக்கு என்ன செய்வது?

கீற்றுக் கூரை: கூரை முழுவதையும் மீன்வலை போலக் குறுக்கும் நெடுக்குமாகக் கயிற்றால் மூடிக் கட்ட வேண்டும். கயிற்றின் நுனிகளைக் கூரை மூங்கிலோடு மட்டும் நிறுத்திவிடாமல், வீட்டைச் சுற்றி ஆழமாக அடித்த முளைகளில் இறுக்க வேண்டும். மணற்பாங்கான ஊர்களில் முளை பிடிக்காது. அங்கே மண் நிரப்பிய சாக்கையோ கனமான கல்லையோ குழிக்குள் புதைத்து, அதில் கயிற்றைக் கட்டலாம். பக்கத்து மரத்தில் மட்டும் கட்டவே கூடாது. மரம் ஆடும்போது கூரையையும் சேர்த்துப் பிடுங்கும். நடுகால்களின் அடியில் குறுக்குக் கட்டை வைத்துப் புதைத்தால் கால் மேலே உருவி வராது.

ஓட்டுக் கூரை: மங்களூர் ஓடு ரீப்பரில் ஒரு சிறு மூக்கால் தொங்கிக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. எல்லா ஓடுகளையும் கட்ட முடியாவிட்டாலும், ஓரத்தில் உள்ள இரண்டு மூன்று வரிசைகளையாவது கட்டுக்கம்பியால் ரீப்பரோடு பிணைத்துவிடுங்கள். முகட்டு ஓடுகளைச் சாந்து வைத்துப் பூசுங்கள். உடைந்த, நகர்ந்த ஓடுகளை மழைக்காலத்துக்கு முன்பே மாற்றிவிட வேண்டும்.

தகரம், ஆஸ்பெஸ்டாஸ்: ஆணி போதாது. இரும்புக் குழாயில் கொக்கி போட்டுப் பிடிக்கும் ஜே போல்ட்டும், அகலமான வாஷரும் வேண்டும். ஓரங்களிலும் மூலைகளிலும் போல்ட்டுகளை நெருக்கமாகப் போடுங்கள். துருப்பிடித்தவற்றை மாற்றுங்கள். உப்புக்காற்று வீசும் ஊர்களில் போல்ட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே அரித்திருக்கும். கூரைமேல் கல்லையும் பழைய டயரையும் தூக்கி வைப்பதைப் பல இடங்களில் பார்க்கிறோம். பெருங்காற்றில் கூரை எழும்பும்போது அந்தக் கற்கள் உருண்டு, நம் தலையிலோ அயலார் வீட்டிலோ விழும். பாரம் வைத்தே ஆகவேண்டுமென்றால் மணல் மூட்டைகளை இரண்டிரண்டாகக் கயிற்றால் பிணைத்து, முகட்டின் இருபுறமும் தொங்கும்படி போடுங்கள். இது அவசரத்துக்கு மட்டுமே. போல்ட்டுக்கு அது மாற்றாகாது.

ஆஸ்பெஸ்டாஸ் பற்றி ஓர் எச்சரிக்கை. அது உடையும்போது கிளம்பும் நுண்ணிழைத் தூசி நுரையீரலுக்குக் கேடு, புற்றுநோயையும் உண்டாக்கக்கூடியது. உடைந்த துண்டுகளைத் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு எடுக்க வேண்டும். பிள்ளைகளை அருகே விடாதீர்கள்.

கான்கிரீட் வீடு: மாடி வீட்டுக்காரர்களுக்குக் கவலை இல்லை என்று எண்ணிவிட முடியாது. மாடியில் வைத்திருக்கும் காலித் தண்ணீர்த் தொட்டி காற்றில் உருண்டு விழும். 1000 லிட்டர் தொட்டியை நிரப்பி வைத்தால் அது ஒரு டன் எடையோடு அசையாமல் நிற்கும், மின்சாரம் இல்லாத நாள்களில் குடும்பத்துக்கும் பயன்படும். டிஷ் ஆன்டெனா, சூரிய மின்தகடு, பூந்தொட்டி, மாடியில் போட்ட தகரக் கொட்டகை ஆகியவற்றை இறுக்குங்கள், அல்லது இறக்குங்கள். மழைநீர் இறங்கும் குழாய் வாயில் சருகு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். 1000 சதுர அடி மாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் 9000 லிட்டருக்கு மேல் தண்ணீர். அது வெளியேற வழி இல்லையென்றால் ஒன்பது டன் பாரம் நம் தலைக்கு மேல் நிற்கும்.

கதவும் ஜன்னலும்

"ஜன்னலைத் திறந்து வைத்தால் காற்று இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போய்விடும், வீட்டுக்கு ஒன்றும் ஆகாது" என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். இது ஆபத்தான எண்ணம். காற்று வரும் பக்கத்தில் ஒரு கதவு பிய்ந்தாலும் காற்று வீட்டுக்குள் நிரம்பி, பலூனை ஊதுவதுபோல் கூரையை உள்ளிருந்து மேலே தள்ளும். வெளியே உறிஞ்சல், உள்ளே தள்ளல் என இரண்டும் சேரும்போதுதான் பெரும்பாலான கூரைகள் போகின்றன. எனவே காற்று அடிக்கும் பக்கத்துக் கதவு ஜன்னல்களைச் சாத்தி, குறுக்குக் கட்டை கொடுங்கள். திறந்தே ஆகவேண்டுமென்றால் காற்று வராத எதிர்ப்பக்கத்தில் மட்டும் திறக்கலாம். கண்ணாடி ஜன்னலுக்கு வெளிப்புறம் பலகை அடிப்பதே பாதுகாப்பு. காகிதப் பட்டை ஒட்டினால் உடையும்போது சில்லுகள் தெறிப்பது குறையும், கண்ணாடி உறுதியாகிவிடாது.

புயலின் நடுப்பகுதி நம் ஊரைக் கடக்கும்போது காற்று திடீரென அடங்கிவிடும். முடிந்துவிட்டது என்று வெளியே வந்தவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று திரும்பும். இதுவரை காற்று படாத பக்கம் இப்போது தாக்கப்படும். முறையான அறிவிப்பு வரும்வரை உள்ளேயே இருங்கள்.

வீட்டைச் சுற்றி நிற்கும் மரங்கள்

கஜா புயலில் தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டை மாவட்டங்களில் சாய்ந்த தென்னைகள் பல இலட்சம். பிள்ளையைப்போல் வளர்த்த மரங்கள் வீட்டின்மேலேயே விழுந்த துயரமும் நடந்தது. வீட்டுக்கு அருகே நிற்கும் தென்னையில் புயலுக்கு முன்பே கீழ்மட்டைகளையும் முற்றிய குலைகளையும் இறக்கிவிட்டால், காற்று பிடிக்கும் பரப்பும் தலைப்பாரமும் குறையும். முருங்கை எளிதில் முறியும் மரம், வீட்டை ஒட்டி அதைப் பெரிதாக வளரவிட வேண்டாம். பட்டுப்போன கிளைகளைக் கழித்துவிடுங்கள்.

அதற்காக மரமே வேண்டாம் என்று வெட்டிவிடக் கூடாது. வீட்டிலிருந்து தள்ளி, காற்று வரும் திசையில் நிற்கும் மரவரிசை காற்றின் வேகத்தைக் குறைக்கும். கடற்கரையோரச் சவுக்கும், ஆழ வேரூன்றும் பனையும், முத்துப்பேட்டையிலும் பிச்சாவரத்திலும் உள்ள அலையாத்திக் காடுகளும் நமக்குக் கிடைத்த வேலிகள். அவற்றைக் காப்பதும் வீட்டைக் காப்பதே.

எந்தக் கட்டும் தாங்காதது

இவ்வளவும் காற்றுக்கும் மழைக்கும்தான். புயலோடு கடல் பொங்கி ஊருக்குள் வந்தால் எந்தப் போல்ட்டும் உதவாது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடி என்ற ஊரே ஓர் இரவில் அழிந்ததை நாம் அறிவோம். 1977 நவம்பர் 19 அன்று ஆந்திராவின் திவிசீமாப் பகுதியில் கடல் புகுந்து ஏறத்தாழ பத்தாயிரம் பேர் மாண்டார்கள். 1999 அக்டோபரில் ஒடிசாவிலும் ஏறத்தாழ அத்தனை உயிர்கள் போயின. அதே ஒடிசாவை 2013 அக்டோபர் 12 அன்று பைலின் புயல் தாக்கியபோது, ஏறத்தாழ பத்து இலட்சம் பேரை முன்கூட்டியே வெளியேற்றியிருந்தார்கள். இலட்சக்கணக்கான வீடுகள் சேதமடைந்தும், இறந்தவர் எண்ணிக்கை 50-ஐத் தொடவில்லை. வீட்டைத் திரும்பக் கட்டலாம் என்பதை அந்த மக்கள் நமக்குக் காட்டினார்கள்.

ஆகவே, வெளியேறச் சொன்னால் வெளியேற வேண்டும். துறைமுகங்களில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டுகளில் 8, 9, 10 ஆகியவை பெரும் ஆபத்தைக் குறிப்பவை. 11-ஆம் எண் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. புறப்படும் முன் மெயின் சுவிட்சை அணைத்து, எரிவாயு உருளையை மூடுங்கள். குடும்ப அட்டை, ஆதார், பட்டா, பிள்ளைகளின் சான்றிதழ், வங்கிப் புத்தகம், அன்றாட மருந்து எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டின் நான்கு பக்கத்தையும் கூரையையும் கைபேசியில் படம் பிடித்து வைத்தால், பின்னர் நிவாரணம் கேட்கும்போது அது சான்றாகும்.

அடுத்த வீட்டுக்காரர் யார்?

இதையெல்லாம் படிக்கும் நமக்குச் செய்துகொள்ள வழி இருக்கலாம். செய்துகொள்ள முடியாதவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். கணவரை இழந்து தனியாக வாழும் பாட்டி ஏணியில் ஏறி ஓடு கட்ட முடியாது. பிள்ளைகள் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்க, இங்கே தனித்திருக்கும் முதியோருக்குக் கயிறு வாங்கப் பணம் இருக்கும், இழுத்துக் கட்ட ஆள் இருக்காது. வாடகைக்கு இருப்பவர் "என் வீடா?" என்கிறார், வீட்டுக்காரர் "நானா குடியிருக்கிறேன்?" என்கிறார். நடுவில் துருப்பிடித்த தகரம் அப்படியே கிடக்கிறது. புறம்போக்கில் குடிசை போட்டவர் ஆட்டையும் பாத்திரத்தையும் விட்டுவிட்டு முகாமுக்கு வரத் தயங்குகிறார். இரண்டு ஆடுகளே அவருடைய சேமிப்பு என்றால், தயங்கத்தானே செய்வார்? ஆடுகளைக் கட்டிவைக்க ஓர் இடத்தை முன்பே சொல்லிவிட்டால், அவரும் தயங்காமல் வருவார்.

புயல் அடித்த பிறகு நாம் தாராளமாகக் கொடுக்கிறோம். அரிசியும் போர்வையும் பாயும் லாரி லாரியாக வருகின்றன. அந்த நல்ல மனத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கூரையை இழந்த குடும்பம் பிறகு பல ஆண்டுகள் கடனில் தவிக்கிறது. அந்தக் கூரையைப் பிடித்து வைத்திருக்கக்கூடிய கயிற்றுக்கும் கம்பிக்கும் ஆகும் செலவு, நாம் பின்னால் கொடுக்கும் நிவாரணத்தில் ஒரு சிறு பங்குதான். முன்னால் கொடுக்கும் உதவிக்குப் புகைப்படம் இல்லை, செய்தி இல்லை. அதனால்தானோ என்னவோ அது நம் கண்ணில் படுவதில்லை.

அன்பியக் கூட்டம், இளைஞர் மன்றம், மகளிர் சுயஉதவிக் குழு என எதுவானாலும் சரி, செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென ஒதுக்கலாமே. ஊரில் உள்ள தச்சர், கொத்தனார், வெல்டர் மூவரையும் அழைத்துக்கொண்டு தெருத்தெருவாகச் செல்லுங்கள். எந்த வீட்டின் கைமரம் கட்டப்படாமல் இருக்கிறது, எந்தத் தகரத்தில் போல்ட் இல்லை, புயல் வந்தால் யாரைக் கைபிடித்து அழைத்துச் செல்ல வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த ஞாயிறு கயிறும் கம்பியும் வாங்கிக்கொண்டு, மிக எளியவரின் வீட்டிலிருந்து தொடங்குங்கள். மழைக்காலம் தொடங்குமுன் அந்த நோட்டில் உள்ள வீடுகளை ஒவ்வொன்றாக முடித்துவிட முயல்வோம்.